ஒரே இடத்தில் மூன்று பொட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன்பிறகு கையெழுத்துப் போட்டதெல்லாம் கம்பெனி சம்பள நோட்டில்தான். எழுத்து கோணலாக இருந்தால், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியின் அண்ணனும் எம். புதுப்பட்டியில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். இரண்டு பேருக்கும் கம்பு சுற்றத் தெரியும். ஒவ்வொரு வருடமும் பங்குனிப் பொங்கலுக்குக் கோவில் முன்னால் சிலம்பப் போட்டி நடக்கும். கம்பின் நுனியை நனைத்துத் திருநீற்றில் தொட்டுக்கொண்டு இறங்குவோம். எதிராளி உடம்பில் நுனி பட்டால் வெள்ளையாகப் பொட்டு விழும். முதலில் மூன்று பொட்டு வைக்கிறவன் ஜெயித்தவன்.

பலத்தால் பொட்டு வைக்க முடியாது. போக்கு காட்ட வேண்டும். கணுக்காலைப் பார்த்து இரண்டு தடவை நிஜமாகவே வீசுவேன். எதிராளி இரண்டு தடவையும் கம்பை இறக்கித் தடுப்பான். மூன்றாவது தடவை வீசுகிற மாதிரி தோளை மட்டும் அசைப்பேன். அவன் கம்பு தானாகக் கீழே போகும். தலை திறந்து கிடக்கும்.

மச்சானுடைய வழி வேறு. விலாப்பக்கம் கையைக் கொஞ்சம் தூக்கி, களைத்துப்போன மாதிரி இடம் விடுவார். வாசலைத் திறந்து வைப்பது என்று அதற்குப் பெயர். ஆசைப்பட்டு உள்ளே குத்தினால், கம்பைத் தட்டிவிட்டு நம் தோளில் பொட்டு வைத்துவிடுவார். எல்லோரும் அதில் விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். ஆனால் அவர் எதிராளியின் கண்ணைப் பார்த்துத்தான் அடி எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பார். எனக்குக் கூச்சம். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன், ஆட்டத்திலும்.

"தரையில என்னத்தத் தொலைச்சீக மாப்ள?" என்று ஆடிக்கொண்டே கேட்பார். "ஒங்க கண்ணு மட்டும் கெடைச்சா ஒங்களக் கம்போட கட்டி வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"தேடிக்கிட்டே இருங்க மச்சான்" என்பேன். கூட்டம் சிரிக்கும். ஒரு வருடம் அவர் ஜெயிப்பார், ஒரு வருடம் நான்.

2005 தீபாவளி சீசனில் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை பொறி பட்டு வெடித்தது. நான் அன்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் உயிரோடு வெளியே வந்தார். இடது கண் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அவரை உள்வேலைக்குச் சேர்க்கவில்லை. வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டினார். வெளியே போவதே இல்லை. அவர் வீட்டுப் பின்பக்கம் கம்பு சுற்றுகிற சத்தம் மட்டும் விடியற்காலையில் கேட்கும்.

பங்குனி வந்தது. மச்சான் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அன்று காலை என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அண்ணன ஜெயிக்க விட்ருங்க. அதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"மச்சானுக்குத் தெரிஞ்சிரும்."

"ஒங்களுக்கா போக்கு காட்டத் தெரியாது? ஊரையே ஏமாத்துவீக."

களத்தில் இறங்கியதும் பார்த்தேன். மச்சான் தலையை இடப்பக்கமாகத் திருப்பி, தெரிகிற கண்ணை என்மேல் வைத்திருந்தார். பார்வை இல்லாத பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. என் கம்பு மூன்று தடவை தானாக அங்கே போனது. மூன்று தடவையும் இழுத்துப் பிடித்தேன்.

தோற்றுக் காட்டி எனக்குப் பழக்கம் இல்லை. எங்கே இடம் கொடுப்பது என்று யோசிக்க நேரமும் இல்லை. அவர் செய்கிற மாதிரியே வலது விலாவில் கையைத் தூக்கினேன். குத்தினார். பொட்டு விழுந்தது. பதற்றத்தில் வேறொன்றும் தோன்றாமல் மறுபடியும் அதையே திறந்தேன். மூன்றாவது தடவையும் அதையேதான்.

விசில் பறந்தது. யாரோ அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குள் என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் உடம்பைக் கழுவப் போனேன். மச்சான் மாலையோடு வந்தார். என் விலாவைப் பார்த்தார். ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம் போல மூன்று பொட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒட்டிப்போன விரலால் அதைத் தொட்டார்.

"ஒரு தடவ பட்டவன் அந்த எடத்த மூட மாட்டானா மாப்ள?"

நான் தொட்டியில் தண்ணீர் மொண்டேன்.

"இது என் வாசல்லா? என் வாசலத் தொறந்து என்னையவே உள்ள விட்டிருக்கீக." சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். அப்புறம் குரல் மாறியது. "ஊரு முன்னால என்னையக் குருடன்னு சொல்லிட்டீக. வாயத் தொறக்காமலே சொல்லிட்டீக."

"மச்சான், அப்படியில்ல..."

"எந்தங்கச்சி சொன்னாளா?"

தெரிகிற ஒரு கண்ணால் என் முகத்தைத் தேடினார். நான் எப்போதும்போல் தரையைப் பார்த்தேன்.

"இல்ல மச்சான். நானாத்தான்."

அதை நம்பிவிட்டார். மாலையைக் கழற்றித் தொட்டிச் சுவரில் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு அவர் கம்பைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், கண் சரியாகத் தெரியவில்லை என்றார். தங்கையைப் பார்க்க வருவார், அவள் கையால் சாப்பிடுவார், பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். எல்லாம் முன்புபோலத்தான். என்னிடம் மட்டும் "சாப்பிட்டீகளா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மூன்று வருடம் அப்படி. உண்மையைச் சொல்லலாம் என்று பலதடவை அவர் வீட்டுப்பக்கம் நடந்திருக்கிறேன். சொன்னால் தங்கை வீட்டுப் படியும் ஏறமாட்டார். திரும்பி வந்துவிடுவேன்.

போன மாதம் நெஞ்சுவலி வந்து மச்சான் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவர் கம்பை என் மனைவி கேட்டு வாங்கி வந்திருந்தாள். மூலையில் என் கம்புக்குப் பக்கத்தில் அதைச் சாத்தினாள்.

"அன்னைக்கு நாம ஜெயிக்க விட்டோமே," என்றாள். "அந்தச் சந்தோசத்தையாச்சும் பாத்துட்டுப் போச்சு, என்ன?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

2009, பங்குனி 9, ஞாயிற்றுக்கிழமை.