கண்ணாடிப் பலகையும் கண்ணாடி வளையலும்

என் மகள் அன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் டாக்டர் அவளை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார். கோவைக்கு எங்களிடம் வந்தவளுக்கு, பத்தாம் வகுப்பில் விட்டுவந்த முப்பத்தொரு பிள்ளைகளைப் பற்றியே பேச்சு. முக்கோணவியல் பாதியில் நின்றிருந்தது. அவளுக்குப் பதில் யாரும் வரவில்லை. பரீட்சையோ நெருங்கியது.

தாளில் எழுதி, அதை மட்டும் செல்போனில் வீடியோ பிடித்து அனுப்பினாள். "உங்க மூஞ்சியே தெரியலீங்க மிஸ், தூக்கமா வருது" என்று பதில் வந்தது. மகள் முகம் சுருங்கிவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பிள்ளைகளைப் பார்த்தபடியே எழுதும் பலகை ஒன்று உண்டாம். விலையைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. "நானே செஞ்சுபோடறேன் கண்ணு" என்றேன். பம்பு தொழிற்சாலையில் அளவு சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஆறு திருகு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கணபதியில் ஒரு கண்ணாடிப் பட்டறையில், கடைக் கதவுக்காக வெட்டி அளவு தப்பிப்போன தடித்த கண்ணாடி ஒன்று மலிவாகக் கிடைத்தது.

"ஊட்டுக் கதவுக்குங்களா?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லீங்க, எழுதற பலகை."

"அந்தப் பக்கம் நிக்கறவங்க தெரிவாங்களேங்க!"

"அதுக்குத்தானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓரங்களை இலவசமாகவே மழுக்கிக் கொடுத்தார்.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை நிறுத்தி, மேலும் கீழும் எல்இடி பட்டை ஒட்டினேன். வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே ஓடி, பளிச்சென்ற மை பேனாவால் எழுதியதை மட்டும் ஒளிரச் செய்தது. பின்னால் கறுப்புத் துணி. முன்னாலிருந்து பார்த்தால் எழுத்து தலைகீழாக அல்ல, இடவலம் மாறித் தெரியும். அதைச் செல்போனே திருப்பிவிடும். நானே நின்று எழுதிப் பார்த்தேன்.

"ஏனுங்க, எழுத்தைவிட உங்க மண்டைதான் நல்லா மின்னுது" என்றாள் மனைவி.

எல்லாம் சரி. திருகுகள்கூட இரண்டு முறை எண்ணியாயிற்று. இடையில், வளைகாப்பு போல எங்கள் பக்கத்தில் செய்யும் கட்டுச்சோறு விருந்து வந்தது. உறவுப் பெண்கள் மகளின் இரு கைகளிலும் வளையல் அடுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் முதல் பாடம். அவள் கோபுரத்தின் உயரத்தை வரையக் கை தூக்கியதும், கலகலவென்று அத்தனை வளையலும் கண்ணாடியில் மோதின. சட்டையில் மாட்டிய மைக்கில் கடைவீதியே கேட்டது.

"கழட்டிருவமா அம்மணி?" என்றேன்.

"பிரசவத்துக்கு முன்னாடி கழட்டுவாங்களா? வாயைக் கழுவுங்க!" என்று மனைவி பாய்ந்தாள்.

என் பழைய சாக்ஸின் நுனியை வெட்டி வளையல்கள் மேல் மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது. ஆனால் அவள் எழுத எழுத, பின்னாலேயே வந்த சாக்ஸ் அத்தனையையும் துடைத்துக்கொண்டே போனது. கோபுரம் பாதியாயிற்று. கோணம் காணவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; அவள் அதிகம் சிரிக்கக் கூடாதே என்று எனக்குப் பதற்றம்.

கடைசியில் வளையல் சத்தத்தோடே பாடத்தை எடுத்து, முடிவில் ஒரு கணக்கும் கொடுத்து அனுப்பினோம். யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செல்போனில் ஒரு மாணவியின் குரல் வந்தது: "மிஸ், கட்டுச்சோறு முடிஞ்சுதுங்களா? எங்களுக்குச் சோறு எங்கீங்க?"

பிறகு விடைத்தாள் படங்கள் வரிசையாக வந்தன. நான் எண்ணினேன். முப்பதில் நின்றுவிட்டது. சாப்பிட உட்காராமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாவதும் ஒரு பையனிடமிருந்து வந்தது. விடை சரி. அடியில், "நாளைக்கு விடை சொல்றப்ப வளையலை நல்லா ஆட்டுங்க மிஸ்" என்று எழுதியிருந்தான்.

மறுநாள் அவள் ஆட்டினாள். கண்ணாடியில் கீறல் விழுந்ததா என்று நான் போய்ப் பார்த்தேன். விழவில்லை.