வேலாயுதம் முதலாளி சாட்சி சொல்லி முடித்தார்

இலங்கையின் றக்வானக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த வேலாயுதம் முதலாளி காலமான செய்தி, ஒரு காலை நேரம் நீதிமன்ற வளாகத்தில் நின்றிருந்த எனக்குத் தொலைபேசியில் வந்தது. அழைத்தவர், நான் வழக்காடும் கட்சிக்காரி செல்வராணி. "ஐயா, முதலாளி போயிட்டாருங்க" என்றார். சிறிது நேரம் அழுகை மட்டுமே கேட்டது. பிறகு, "கேக்கக் கூடாதுதாங்க... இனி நம்ம கேஸு என்னங்க ஆகும்?" என்றார். அவர் கேட்குமுன்பே அக்கேள்வி என் மனத்திலும் எழுந்துவிட்டது. முதலாளியை அறிந்தவர்கள் எங்கள் இருவரையும் பொறுத்தருள வேண்டும். ஆறு ஆண்டுகளாக அவர் ஒருவரை நம்பியே எங்கள் வழக்கு நின்றது.

செல்வராணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கடைத்தெருவில் தனியார் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, கால் தரையில் ஊன்றுமுன் பஸ் நகர்ந்தது. பின்சக்கரம் வலது பாதத்தை நசுக்கியது. அதன்பின் அவரால் மலையேறிக் கொழுந்தெடுக்க முடியவில்லை. நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தோம். நேரில் கண்டவர்கள் பலர். அடுத்த நாளும் அதே பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள் என்பதால் எவரும் வாய் திறக்கவில்லை. முதலாளி மட்டும் தம் கடை வாசலிலிருந்து கண்டதைப் பொலிஸில் சொன்னார். பஸ் தரப்பினர் அவரிடம் பேசிப்பார்க்க வந்தபோது, "டீ குடிங்க, பணிஸ் சாப்பிடுங்க. கண்ணு பார்த்ததை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

வழக்கு தவணைக்குத் தவணை தள்ளிப்போயிற்று. முதலில் அழைப்பாணை உரியவர் கையில் சேரவில்லை. பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகவீனம். பிறகு நீதிபதிக்கு இடமாற்றம். ஒவ்வொரு தவணைக்கும் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு, மலைப்பாதை வளைவுகளில் குமட்டாமலிருக்கத் தேசிக்காயின் எலுமிச்சை மணத்தை முகர்ந்தபடி வந்து சேர்வார். எப்போது முடியும் என்று செல்வராணி என்னைக் கேட்பார். உறுதியாகத் தெரியாததைச் சொல்வது என் வழக்கமன்று. முதலாளி குறுக்கிடுவார்.

"ஐயாவை ஏம்மா வதைக்கிற? ஒம் மக கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"அவ ரெண்டாம் வகுப்புல இருக்காங்க முதலாளி!"

"அதாம்மா சொல்றேன், அவசரம் இல்லையே."

ஒருவழியாக அவர் சாட்சியம் தொடங்கியது. என் கேள்விகள் முடியவே நேரமாகிவிட, குறுக்கு விசாரணை அடுத்த தவணைக்குப் போயிற்று. அந்த இடைவெளியில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியம் நிலைக்குமா என்பது ஐயமே. வைத்தியசாலைக்குச் சென்றபோது, நோயாளியைப் பார்க்க வந்தேனா, சாட்சியைப் பார்க்க வந்தேனா என்பது எனக்கே தெளிவாகவில்லை. அவருக்குத் தெளிவாக இருந்தது. "பயப்படாதீங்க ஐயா. அந்த லோயர் கேள்வி கேக்காம நான் போகமாட்டேன்" என்றார்.

அந்தத் தவணையன்று முதலாளி வந்துவிட்டார், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. மன்றம் சிங்களத்தில் நடப்பது; தமிழில் சாட்சியமளிப்பது முதலாளியின் உரிமை. வேறு தவணை கேட்க எழுந்தேன். பின்னாலிருந்து அவரது மெல்லிய குரல் வந்தது. "உரிமை இருக்கட்டுங்க ஐயா. இன்னொருக்கா மலையிறங்கி வர முடியுமான்னு தெரியல. சிங்களத்துலயே சொல்லிப்புடுறேன்." கடைத்தெருவில் வளர்ந்தவருக்குச் சிங்களம் சரளம். ஆனால் முன்பு தமிழில் சொன்னதோடு ஒரு சொல் முரண்பட்டாலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். ஆயினும் தவணை கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருடம் கழித்து எல்லாம் எப்படி நினைவிருக்கும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். "மறக்க விட்டாத்தானே மாத்தயா? ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு நீங்களே ஞாபகப்படுத்துறீங்களே" என்ற பொருளில் முதலாளி சிங்களத்தில் சொன்ன பதிலைக் கேட்டு நீதிபதியும் சிரித்துவிட்டார். மதியத்துக்குள் குறுக்கு விசாரணை முடிந்தது.

ஆகவே செல்வராணிக்கு அன்று தொலைபேசியில் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே: அவர் சாட்சியம் முழுமையானது, அவரது மரணம் அதை அழிக்காது. தீர்ப்பு எப்படி அமையும் என்று சொல்ல இயலாது. அது ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போயிருக்கிறது.

சாட்சி சொல்லி முடித்தபின் முதலாளி வரவேண்டிய தேவையே இல்லை. ஆயினும் அதற்கடுத்த தவணையிலும் மன்றத்துக்கு வெளியே வாங்குப் பலகையில், செல்வராணிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இனி இங்கே உங்களுக்கு வேலையில்லையே என்றேன். "கேஸைக் கூப்பிடுற வரைக்கும்தாங்க பயம். அந்த நேரம் பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும்" என்றார்.

சட்டத்தரணிகள் அந்த வாங்கில் உட்காரும் வழக்கமில்லை, நானும் உட்கார்ந்ததில்லை. தீர்ப்பு அடுத்த மாதம் என்று நியமித்திருக்கிறார்கள். முதலாளியிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். வழக்கு இலக்கத்தைக் கூப்பிடும் வரை அங்கே செல்வராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.