தப்பான எண்ணைக் கொடுத்துப் பார்க்கிறவர்

மூன்று உலகத்திலும் காரைக்குடி நாகநாதனைப் போலச் சோதனை போடுகிற ஆள் கிடையாது. பிரம்மா படைக்கத் தொடங்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொசு என்ற ஒன்றே பிறந்திருக்காது. எமன் வந்து பாசக்கயிற்றை நீட்டினால்கூட, "முதல்ல அதத் தப்பான கழுத்துல போடுங்க, தானா கழண்டு விழுதான்னு பாப்போம்" என்பார். எமன் எருமையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விடுவான்.

எமன் விஷயம் கொஞ்சம் கூடுதல்தான். கம்ப்யூட்டர் விஷயம் நிஜம்.

எழுபத்தாறாம் வருஷம் ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. இரண்டு பீரோக்களை ஒட்டவைத்தது போல இருந்தது. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் தூசி போகக் கூடாது என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அதைக் கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கியபடி நின்றார்கள். அங்கே டெக்னீஷியனாக இருந்த நாகநாதனை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

அந்த எந்திரத்துக்குள் எல்லா வேலைக்கும் அடியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கெர்னல் என்று பெயர். கல்யாண வீட்டில் உக்கிராணச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் அத்தை மாதிரி, யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது அதுதான். மற்ற நிரல்களெல்லாம் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவை. எந்திரத்தை எழுப்பியதும், இத்தனை டைப் மெஷின்கள் உன்னோடு பேசும், ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் கொடு, உனக்கென்று இவ்வளவு இடம் வைத்துக்கொள் என்று ஓட்டை போட்ட காகித நாடா வழியாக அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னதை அது ஒழுங்காக வாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்பது நாகநாதன் வேலை. மொத்தமாகப் பார்ப்பதில்லை. அப்படிச் சொன்னவற்றில் ஒன்றை வாங்கிக்கொள்ளும் நிரல் துண்டை மட்டும் தனியே பிரித்து ஓடவிட்டு, அது தேறிய பிறகு அடுத்த துண்டு.

முறையைச் சொல்லிக்கொடுத்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என்ஜினியர் செம்மலை. நாகநாதனைவிட வயதில் சின்னவர்.

"சரியான எண்ணைக் கொடுத்துப் பாக்கறது பாதி வேலைதாங்ணா. தப்பானதையும் கொடுத்து, அது மாட்டேன்னு சொல்லுதான்னு பாக்கோணும்."

எட்டு டைப் மெஷின்களுக்கு மேல் அந்த எந்திரம் தாங்காது. நாகநாதன் நான்கு என்று கொடுத்தார். 'சரி' என்று அடித்தது. எட்டுக்கும் 'சரி'. நாற்பது என்று கொடுத்தார். அதற்கும் 'சரி' என்று அடித்துவிட்டு, உள்ளே பழையபடி எட்டையே வைத்துக்கொண்டிருந்தது.

செம்மலை சிரித்தார். "ரொம்பப் பணிவான புள்ளையாட்டம் இருக்குதுங்ணா."

"கேட்டதுக்கெல்லாம் சரிங்கிறது பணிவு இல்லிங்க சார். நாம சொன்னது அதுக்குள்ள போகவே இல்லைன்னு அர்த்தம்."

இதை அவர் வீட்டிலும் வந்து சொன்னார். மகள் வள்ளிக்கண்ணு அப்போது அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டாப்பா?" என்று கேட்டாள்.

தாய் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அன்றைக்குக் கையிலெடுத்த கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. "பள்ளிக்கூடத்த நிறுத்திக்கிருவமாத்தா?" என்றார் நாகநாதன். "சரிப்பா." "தம்பிக்கு அந்தச் சட்டத் துணியக் குடுத்துரலாம், ஒனக்குப் பெறகு பாப்பம்." "சரிப்பா." அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆசைத்தம்பி என்று பெயர், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு உதை வாங்கியவன். ஊரில் எல்லோரும் நாகநாதனிடம், "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பாப் பெத்து வச்சிருக்கீகளே" என்பார்கள். அவருக்கு மகளை நினைத்தால் நெஞ்சு நிமிரும்.

அவளுக்குப் பத்தொன்பதில் வரன் வந்தது. நெற்குப்பை வீரப்பன், பிலாயில் இரும்பாலையில் ஃபிட்டர். நல்ல பையன், தங்கள் ஆசாரிமார் வீடுகளில் எங்கே தேடினாலும் கிடைக்காத சம்பளம். பெண் பார்த்துவிட்டு அவர்கள் முன்கட்டில் உட்கார்ந்திருக்க, நாகநாதன் அடுப்படிக்குப் போனார்.

"பிடிச்சிருக்காத்தா?"

"சரிப்பா."

அவர் அங்கேயே நின்றார். பிலாய் எவ்வளவு தூரம், அங்கே என்ன பாஷை பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை கேட்க வாயெடுத்தார். பின்னாலிருந்து அவருடைய அக்கா பொன்னுத்தாயி கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டா, ஒனக்குக் கூறு இருக்கா? நம்ம வீட்டுல நல்ல காரியத்துக்குப் பொண்ணுகிட்ட ரெண்டாந்தரம் கேட்டிருக்கமா? மொதச் சொல்லு பூ, ரெண்டாவது முள்ளுன்னு அப்பா சொல்லுவாருல்ல. தட்டு மாத்துற நேரத்துல அபசகுனமா நிக்காத, வா அங்குட்டு."

அவர் வீட்டில் அது வழக்கம்தான். அவருடைய சம்சாரத்தையும் ஒரே தரம்தான் கேட்டிருந்தார்கள். வந்து உட்கார்ந்து தட்டை மாற்றினார். மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில், கெர்னல் அடித்த ஒரே ஒரு 'சரி'யை நம்ப மாட்டேன் என்று சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டினார்.

கல்யாணம் முடிந்து இரண்டாம் வருஷம், மாசித் தெப்பத்துக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். திருக்கோஷ்டியூர்க் குளக்கரையில் ஏற்றிய விளக்கு ஒன்றை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் பிள்ளை தங்கும் என்று வீரப்பனின் தாயார் சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிய வள்ளிக்கண்ணைப் பார்த்து நாகநாதன் வேறு யாரோ என்று முதலில் ஒதுங்கி வழிவிட்டார். சடை பாதியாகியிருந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது வீரப்பன் சந்தோஷமாகவே பேசினான்.

"மாமா, இப்படி ஒரு பொண்ணு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். எதுக்கும் ஒரு எதுத்த பேச்சுக் கெடையாது. போன ஐப்பசில கரு கலைஞ்சப்பக்கூட, டாக்டருகிட்டப் போவமான்னேன், சரின்னா. தானா நேராயிரும், இருப்பமான்னேன், அதுக்கும் சரின்னா. இருந்துட்டம். பதினஞ்சு நாளு காச்சல்ல கெடந்தா, முனகக்கூட இல்ல பாத்துக்கங்க."

நாகநாதனின் கையிலிருந்த வெற்றிலை மடிக்காமல் அப்படியே இருந்தது. கரு உண்டானதே அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். வள்ளிக்கண்ணு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"அங்க நல்லா இருக்கியாத்தா?"

"நல்லாருக்கேம்ப்பா."

பிறகு, ஆராய்ச்சிக்கூடத்தில் நாடாவை மாற்றிப் போடுகிற அதே நிதானத்தோடு கேட்டார்.

"ராத்திரிக்குப் பாவக்கா வைக்கச் சொல்லவா? ஒனக்கு உசுராச்சே."

பாகற்காய் வாசனை வந்தாலே சின்ன வயதில் தெருமுனை வரை ஓடுகிறவள் அவள்.

"சரிப்பா."

"ஒங்கம்மா பேரு சீதாலட்சுமியில்ல, கல்யாணசுந்தரிதானே?"

அம்மாவின் பெயர் சீதாலட்சுமிதான். துலக்கிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் நகர்ந்தது.

"ஆமாப்பா."

பள்ளிக்கூடத்தை நிறுத்தும்போது சொன்ன சரி, சட்டைத் துணிக்குச் சொன்ன சரி, அடுப்படியில் சொன்ன சரி எல்லாம் வரிசையாக வந்து நாகநாதன் முன்னால் நின்றன. ஒன்றைக்கூட இனி எடுத்துப் பெருமையாக வைத்துக்கொள்ள முடியாது.

"இங்கயே இருந்துக்கிறியாத்தா? மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரிப்பா."

அது நிஜமான சரியா என்று தெரிந்துகொள்ள அவரிடம் இப்போது ஒரு வழியும் இல்லை. எந்திரத்தில் துண்டைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். இவளிடம் எங்கே போய்ப் பார்ப்பது? அந்தச் சமயம் முன்கட்டிலிருந்து, "வள்ளி, வெள்ளிக்கிழம கெளம்புவம், துணியெல்லாம் எடுத்து வச்சிரு" என்று வீரப்பன் குரல் கொடுத்தான்.

"சரிங்க" என்றாள், அதே குரலில்.

மறுநாள் நாகநாதன் வேலைக்குப் போய், செம்மலை எப்போதோ திருத்தித் தேறவைத்துவிட்ட அந்தப் பழைய துண்டை எடுத்து ஓடவிட்டார். நாற்பது என்று கொடுத்தார். 'ஏற்க மாட்டேன்' என்கிற பொருளில் டைப் மெஷின் ஒரு வரி அடித்தது. ஒன்பது என்று கொடுத்தார். மாட்டேன். ஒன்றுமே கொடுக்காமல் விட்டார். மாட்டேன். காகிதம் நீண்டு தரையில் சுருண்டது.

செம்மலை வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்ணா, தேறின சோதனையவே திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருக்கறீங்க?"

"சும்மாதான் சார். மாட்டேங்கிறதக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

செம்மலை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீரப்பனிடம் நாகநாதன் பேசத்தான் செய்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார். "அவளையே கேளுங்க மாமா, அவ சரின்னா எனக்கும் சரிதான்" என்றான் அவன், மரியாதையாகத்தான். யாரைக் கேட்பது?

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் நின்றது. வள்ளிக்கண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் துணியில் சுற்றிய தெப்பக்குளத்து விளக்கு. வெயில் தாங்கவில்லை. நாகநாதன் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து கேட்டார்.

"கலர் சோடா வாங்கியாரட்டாத்தா?"

அவள் அவரைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம்போல அசைத்தாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து அவள் வாயால் அவர் கேட்காத சொல். பஸ் புறப்பட்டுப் புழுதி அடங்கும் வரை நாகநாதன் அதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இனி அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

இதுவரைக்கும் எழுதி முடித்த ஆசைத்தம்பி, காகிதங்களைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினான். நாகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். எமன் வரும் இடத்தில் "நாயே" என்று செல்லமாக வைதார். பின்கட்டு வரும் இடத்தில் காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

"தம்பி, அவ வேண்டாம்னு சொல்லலடா."

"சொன்னாப்பா. பஸ் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுச்சு. சரிப்பான்னா." கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "கலரு குடிச்சா அவளுக்கு நெஞ்சுக் கரிக்கும், சின்னதுலேர்ந்தே ஆகாது. வாங்கிக் குடுத்தேன். அம்புட்டையும் குடிச்சா. பாட்டில ஒன் கையிலதான குடுத்தா, கடையில திருப்பிக் குடுன்னு."