ஏற்றத்தில் என்னை முந்தியவர்

குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டச் சாலையின் செங்குத்தான ஏற்றத்தைச் சைக்கிளிலிருந்து இறங்காமல் மிதித்துக் கடக்கும் பெண் நான் ஒருத்திதான் என்ற பெருமை எனக்கு இருந்தது. பேட்டரி சைக்கிளில் ஒரு பெண்மணி வரத் தொடங்கியதும் அது போயிற்று.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் ஸ்வெட்டர், தலையில் கம்பளித் தொப்பி. தினமும் என்னை ஓசையின்றி முந்துவார். வளைவு நெருங்கியதும் யாரையோ உரக்கத் திட்டுவார். இயந்திரம்தானே ஏற்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் மனம் ஆறவில்லை.

ஒருநாள் பொறுக்காமல், "யாரைத் திட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரைத்தானுங்க. இந்த வண்டி சத்தமே போடாது. வளைவுல காட்டெருமை நின்னா, மெரண்டு முட்டிருமில்லீங்க? நாம வர்றது அதுக்குத் தெரியோணும்."

"நானும் சத்தமில்லாமத்தானே வர்றேன்?"

"நீங்களா? நீங்க வாங்குற மூச்சுக்கே அது ஓடிருமே, கண்ணு!"

சிரித்தபடி போய்விட்டார். அன்றும் நான் இறங்காமலே ஏறி முடித்தேன். கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்து நின்றேன். வெகுதூரம் முன்னால், அவர் கணவரின் குற்றங்கள் தங்குதடையின்றி ஒலித்துக்கொண்டிருந்தன. மூச்சு திரும்பியதும் நான் முதலில் செய்தது, அந்தச் சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று கைபேசியில் தேடியதுதான்.