முன் வரிசை நாற்காலி

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் மாலை ஐந்தேகாலுக்குக் கிளம்பும். பேஸ்பால் கார்ட்டூன் ஆறு மணிக்குத் தொடங்கும். பத்து வயதில் எனக்கிருந்த ஒரே துயரம் இந்த முக்கால் மணி நேரம்தான். அந்த பஸ்ஸை ஓட்டியவர் என் அப்பா.

அது தனியார் பஸ். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, இரவு மேலேயே நின்று, விடியற்காலையில் முதல் டிரிப்பாக இறங்கும். பகலில் இன்னொரு டிரிப் முடித்துவிட்டு, மதியம் அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டு நான்கு மணி வரை தூங்குவார். அப்போது நான் பள்ளியில் இருப்பேன். சனி, ஞாயிறுகளில் மட்டும் தூங்கும் அப்பாவைப் பார்க்கலாம்.

கார்ட்டூன், ஜப்பானில் என் வயதுப் பையன் ஒருவனைப் பற்றியது. அவன் அப்பா ஒரு காலத்தில் பேஸ்பால் ஆடியவர். தோள்பட்டையில் அடிபட்ட பிறகு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போகிறார். கரையில் இருக்கும்போது இருவரும் பந்தை எறிந்து பிடித்து விளையாடுவார்கள். அவர் கடலில் இருக்கும்போது பையன் தனியாகச் சுவரில் எறிவான். பின்னால் பனிமலை தெரியும். பையன் பேசுவதோ சுத்தமான சென்னைத் தமிழ்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அந்த வாரத்துக் கதையை நான் சொல்லத் தொடங்குவேன். ரசம் வரும்போது பாதிக் கதை ஆகியிருக்கும். மோருக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அவர் தூங்கிவிடுவார். அந்த ஆட்டத்தில் ஸ்டம்ப் கிடையாது, அடித்தவன் மூன்று இடங்களைத் தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே ஓடி வர வேண்டும் என்று ஒருமுறை விளக்கினேன்.

“சுத்திட்டு கெளம்பன எடத்துக்கே வரணுமா? இதுக்கா இவ்ளோ பெருமை? நான் தெனம் அதத்தான பண்ணிக்கினு இருக்கேன்” என்றார்.

அவர் ஒரு பகுதியைக்கூடப் பார்த்ததில்லை.

கடைசிப் பகுதி வரும் சனிக்கிழமை என்று விளம்பரம் வந்தது. பையனுக்கு அன்று பெரிய ஆட்டம். அவன் அப்பா வந்துவிடுவதாகக் கப்பலிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். பையன் முன் வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்து, அதன்மேல் தன் பழைய தொப்பியை வைக்கிறான். அதோடு முந்தைய பகுதி நின்றது. அவர் வருவாரா மாட்டாரா என்பதை நான் தனியாகப் பார்க்க விரும்பவில்லை.

“சனிக்கெழம ஒருநாள் மட்டும் லீவு போடுப்பா.”

“மலைக்காரங்கள யாரு இட்டுக்கினு போவாங்க? உங்க கார்ட்டூன்காரனா?”

கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் நான் யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில் அப்பாவை மூன்று முறை கவனித்திருக்கிறேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கூட்டை எடுத்து, அதிலிருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டுவார். அட்டையில் செருகிய காகிதத்தில் ஏதோ எழுதுவார். பிறகு பஸ் நகர்ந்துவிடும். மூன்று முறையும் இதேதான். ஆகவே கண்ணாடி இல்லாமல் அப்பாவால் பஸ் ஓட்ட முடியாது.

சனிக்கிழமை அவர் தூங்கியதும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். கூட்டை மட்டும் திரும்பப் பைக்குள் வைத்தேன். கண்ணாடியை என் டிபன் பாக்ஸில் போட்டு மூடி, பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களுக்கு அடியில் தள்ளினேன்.

நாலரைக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பையைத் தொட்டார். கூட்டைத் திறந்தார். மூடினார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, தையல் கடைக்காரர் கொடுத்திருந்த ஜாக்கெட்டுகளுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடிய பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்? அங்கதான் எங்கனா இருக்கும்.”

அலமாரி, பாய்க்கு அடியில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் என்று அப்பா தேடினார். நானும் தேடினேன், இன்னும் சுறுசுறுப்பாகவே தேடினேன். என் பள்ளிக்கூடப் பை இருந்த மூலைக்கு மட்டும் நான் போகவில்லை. அப்பா அந்த மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். அரசு கொடுத்த சின்ன கலர் டிவி. அதன்மேல் அம்மா பூப்போட்ட துணி போர்த்தியிருந்தாள்.

ஐந்து மணிக்கு கண்டக்டர் மாமா சைக்கிளில் வந்து மணியடித்தார்.

“இன்னாண்ணே, கூட்டம் மூட்ட முடிச்சோட ஏறி குந்திக்கினு இருக்குது. நீ வூட்டுலயே நிக்கிற?”

“கண்ணாடிய காணம்டா.”

“கண்ணாடியா?”

“ஆமாண்டா. கண்ணாடி இல்லாம கொண்ட ஊசி வளைவுல எப்டி திருப்பறது? ஸ்பேர் டிரைவர் ஷெட்டுலதான் இருக்கான். அவன ஏத்திக்கினு போ.”

கண்டக்டர் மாமா வாயைத் திறந்து மூடினார். அம்மா ஊசியை நிறுத்திவிட்டு, “அதுக்கு எதுக்கு…” என்று ஆரம்பித்தாள்.

“நீ வேலைய பாரு” என்றார் அப்பா.

“ஓனரு கத்துவாருண்ணே.”

“கத்தட்டும் போ.”

சைக்கிள் போன பிறகு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆறு மணிக்கு டிவி முன்னால் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடி முடிந்தபோதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது.

“பாப்பா, எனக்கு ஒண்ணும் தெரில. எல்லாம் கலங்கலா இருக்குது. நீயே சொல்லு.”

பையைத் திறந்து கண்ணாடியைக் கொடுத்துவிட முடியும். கொடுத்தால், போய்விட்ட பஸ்ஸுக்குப் பின்னாலேயே கிளம்பிவிடுவார் என்று பயமாக இருந்தது. அதனால் சொன்னேன். யார் எறிகிறான், யார் அடிக்கிறான், பந்து எங்கே போகிறது எல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரி அவசரம் இல்லை. அப்பா இடையிடையே, “யாரு, அந்த குண்டுப் பையனா?” என்றும், “அடிச்சானா வுட்டானா?” என்றும் கேட்டார். அவர் தோள் என் மேல் இடித்துக்கொண்டிருந்தது. டீசல் வாசனை அடித்தது.

கடைசி ஆட்டம். பேச்சு நின்று வெறும் இசை மட்டும் வந்தது. பையன் மட்டையைப் பிடித்தபடி முன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். நாற்காலியில் தொப்பி மட்டும் இருந்தது. அதையே வெகுநேரம் காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து கை தட்டுகிறார்கள். நடுவில் அந்த நாற்காலி.

“சத்தமே காணமே. இன்னா ஆச்சு? அவங்கப்பா வந்துட்டாரா?”

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டாருப்பா. முன்னாடி குந்திக்கினு இருக்காரு. கை தட்றாரு.”

“அப்பாடா” என்றார் அப்பா. “நல்ல வேள.” என் தலையில் கையை வைத்தார். கார்ட்டூன் முடிந்து சோப்பு விளம்பரம் வந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மறுநாள் அவர் எழுவதற்குள் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன். அப்பா எடுத்து மாட்டினார். கழற்றி முகர்ந்தார்.

“கண்ணாடில எலுமிச்ச சோத்து வாசன வருதே” என்றார் அம்மாவிடம்.

மலை பஸ்ஸை அதன் பிறகு ஸ்பேர் டிரைவரே ஓட்டினார். அடுத்த மாதம் அப்பா உளுந்தூர்பேட்டையில் லாரிக்குப் போனார். பத்து நாளுக்கு ஒருமுறை வந்தார். பிறகு இருபது நாளுக்கு ஒருமுறை. அதற்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் உண்டா என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. வீட்டில் புதிய டிவி வந்தது. நான் கல்லூரி முடித்து சென்னைக்கு வேலைக்கு வந்தேன். அப்பா இன்னும் லாரியில்தான் இருக்கிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா நாக்பூர் தாண்டி எங்கோ லோடோடு போய்க்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் ஓரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மூக்கின் மேல், ஒரு காலில் நூல் சுற்றிய கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

“இது அப்பா வண்டி ஓட்டும்போது போடறதாச்சே?”

அம்மா சிரித்தாள். “இத போட்டுக்கினு ஓட்னா வண்டி பள்ளத்துலதான் கெடக்கும். டிரிப் ஷீட்டு எழுதறதுக்கு வாங்குனது. கிட்டப் பாக்கறதுக்கு மட்டுந்தான். உங்கப்பாவுக்கு தூரத்துல இருக்கறது ஒரு எறும்பு வுடாம தெரியும்.”

நூல் கோத்து முடித்ததும் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தேன். என் கைரேகை பெரிதாகத் தெரிந்தது. எதிர்ச்சுவரில் டிவி வெறும் நிறங்களாகக் கலங்கியது. கழற்றினேன்.

அப்பாவுக்கு அழைத்தேன். மணி முழுவதும் அடித்து நின்றது. ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கண்ணில் கண்ணாடி இல்லை. டிவி சுவரோரம் இருந்தது. நாங்கள் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தோம். நடுவில் எட்டடி இருக்கும். காலி நாற்காலியை நாங்கள் இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.