ரூபி டீச்சர் நம்பர்

வார்னிஷ் வாசனை எங்கே வந்தாலும் சரி... நான் எட்டு வயதுக்குப் போய்விடுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை. வார்னிஷ் மணக்கும் உடைந்த பெஞ்சுகள், கிறிஸ்துமஸ் தோரணப் பெட்டிகள், நடுவில் ஒரு பாய். ஐம்பதுகளின் கடைசியில் அதுதான் எங்கள் வகுப்பு. படிப்பு ஏறாத பிள்ளைகள் ஏழு பேர், பள்ளி விட்டதும் அங்கே போவோம். ஊரில் அதற்கு ‘மக்கு கிளாஸ்’ என்று பெயர். நாங்களே அப்படித்தான் சொல்வோம், வெட்கம் கெட்ட கூட்டம்!

சொல்லிக்கொடுத்தது ரூபி டீச்சர். இருபத்திரண்டு வயது இருக்கும். கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும்.

எனக்கு எழுத்து பரவாயில்லை. எண்கள்தான் காலை வாரும். பதிமூன்று எழுதச் சொன்னால் முப்பத்தொன்று எழுதுவேன். இரண்டாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயில்.

“இந்த வருஷமும் கோட்டை விட்டேன்னா, என்னோட உக்காந்து ஊதுபத்தி உருட்டு” என்று அம்மா சொல்லிவிட்டார். சும்மா சொல்கிறவர் இல்லை.

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? சர்ச்சில் பாட்டு நம்பர் பலகை இருக்குமே... சின்னச் சின்ன மரத்துண்டுகளில் எண் எழுதி, சட்டத்தில் செருகி வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் சபை பாட்டுப் புத்தகத்தைத் திருப்பும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எண்களோடு மல்லுக்கட்டுகிறவளிடம்!

சனிக்கிழமைதோறும் பக்கத்தில் நின்று, “ஜன்னல் பக்கம் முதல்ல, கதவுப் பக்கம் அப்புறம்” என்பார். பலகைக்கு இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கதவு. அதைப் பிடித்துக்கொண்டே சில மாதம் தப்பில்லாமல் போட்டேன். எனக்கு ஒரே தலைகால் புரியாத பெருமை.

இதற்கிடையில், சபைச் செயலாளர் ஆசீர்வாதம் ஐயாவுக்கு எங்கள் அறைமேல் ஒரு கண். பாட்டுக்காரர்களுக்கு வேண்டுமாம். ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்.

அவர் மகள் கல்யாணம் வந்தது.

அன்று டீச்சர் பூ ஜோடிக்கும் வேலையில் இருந்தார். நம்பர் எழுதிய பேப்பரை நீட்டி, “வரட்டுமா?” என்றார். “வேணாம் டீச்சர், நானே போடுறேன்” என்றேன். அகம்பாவம்... வேறென்ன!

மணப்பெண் உள்ளே வர, ஆர்கன் ஆரம்பித்தது. சபை எழுந்து பாடியது. மெட்டு பொருந்திவிட்டதால் முதல் அடியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது அடியில் கல்லறை வந்தது.

முப்பத்தெட்டு போடவேண்டிய இடத்தில் எண்பத்து மூன்று போட்டிருந்தேன். அது அடக்க ஆராதனைப் பாட்டு. கோலார் தங்கவயலிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது அடிவரை உருக்கமாகப் பாடினார். மணப்பெண்ணின் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் ஆசீர்வாதம் ஐயா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

“யாரு போட்டது நம்பர்? அந்த மக்குப் பொண்ணுதானே? போதும்மா இந்த பேஜாரு! நாளைக்கே ரூமைக் காலி பண்ணுங்க. இதுங்களுக்கு எந்த ஜென்மத்துலயும் படிப்பு வராது.”

ஏழு பேருக்கும் போயிற்று... என்னால்.

டீச்சர் மூக்கு சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானம்.

“சுகிர்தம் சரியாத்தாங்கய்யா போட்டா. நான்தான் பேப்பர்ல மாத்தி எழுதிக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

பேப்பர் என் கைக்குள் இருந்தது. வேர்வையில் நனைந்து... முப்பத்தெட்டு என்று தெளிவாக. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் தப்பு என்று ஆனபிறகு பிள்ளைகளை எப்படித் துரத்துவது? அறை தப்பித்தது. ஆனால் அடுத்த ஞாயிறு டீச்சர் சபை முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷி, சர்ச்சுக்குள் நின்று எனக்காகப் பொய் சொன்னார்.

மறுநாள் அந்தப் பேப்பரை நீட்டினேன்.

“டீச்சர்... இது...”

“அத உள்ள வை. பலகைய எடு. ஜன்னல் பக்கம் எது?”

அவ்வளவுதான். அந்த வருஷம் பாஸானேன். ஊதுபத்தி உருட்டவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்பர்களோடேயே முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். நம்புவீர்களா?

இப்போது வைட்ஃபீல்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கும் என் மாதிரியே எண்கள் புரள்கின்றன. அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், தனி டீச்சர் வருகிறார், யாரும் மக்கு என்பதில்லை. சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு இன்றும் ஓடிபி போடும்போது வாய் ‘ஜன்னல் பக்கம் முதல்ல’ என்று முணுமுணுக்கும்.

சர்ச்சில் இப்போது பலகை இல்லை, ஸ்கிரீன்தான். போன ஞாயிறு அதில் வேறு பாட்டு வந்துவிட்டது. உடனே நம் சபை வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ, “ரூபி டீச்சர் நம்பர்!” என்று போட, வரிசையாகச் சிரிப்பு. நம் சபையில் எது தப்பானாலும் அறுபது வருஷமாக அதுதானே பேச்சு. டீச்சரைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்... டீச்சர் உயிரோடு இருந்தபோதே, அவர் எதிரிலேயே. அவரும் சிரித்தார்.

பேப்பரில் முப்பத்தெட்டு என்றுதான் இருந்தது.

இனிமேல் யாருக்காவது சிரிக்கத் தோன்றினால், தயவுசெய்து ‘சுகிர்தம் நம்பர்’ என்று சொல்லுங்கள்.