கூடாரத்தைக் கடைசியாக ஏற்றுங்கள்

குடும்பத்தோடு இசைவிழாவுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்க நினைப்பவர்கள் இப்போதெல்லாம் என் அத்தானிடம்தான் யோசனை கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. முதல் தடவை அந்த மனிதர் அடித்த கூத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அத்தான் வீடு மாற்றிக் கொடுப்பவர். பிறர் வீட்டுச் சாமானைக் கட்டி, வேனில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி வைப்பது தொழில். கூட வேலை செய்பவர்கள் அவரைக் 'கயிறு' என்பார்கள். அவர் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. எந்த மழையிலும் ஒரு வாடிக்கையாளரின் தலையணை உறைகூட நனைந்ததில்லை என்று யார் கிடைத்தாலும் பிடித்துவைத்துச் சொல்வார். ஊரார் கட்டிலையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோனவர், கட்டின பெண்டாட்டியையும் இரண்டு பெண்களையும் எங்கும் கூட்டிப்போனதில்லை. சனி ஞாயிறில்தான் ஜனங்கள் வீடு மாறுவார்கள். அன்றைக்கு இவருக்கு லீவு கிடையாது. அதில் எனக்கு அவர்மேல் வெகுநாளாகக் கோபம் உண்டு.

என் அக்கா பாடுவாள். பாத்திரம் கழுவும்போது பாடுவாள், துணி மடிக்கும்போது பாடுவாள். யாராவது வந்து நின்றால் பாதி வரியில் நிறுத்திவிடுவாள். நாங்கள் போன அந்த இசைவிழாவில் பெரிய மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன மேடை உண்டு. பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறி ஒரு பாட்டுப் பாடலாம். அக்காவின் பெயரை அவளுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டாள் பெரிய மகள். விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. பிறகு ஒருநாள் நான் போனபோது அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் முறை சனிக்கிழமை சாயங்காலம். அத்தான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை.

ஆனால் கை சும்மா இருக்குமா? சாமான் கட்ட ஆரம்பித்தார்.

"ரெண்டு ராத்திரிக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு?" என்றேன்.

"நீ சும்மா இரு மச்சான். வேன் நம்ம வேன்தானே."

மெத்தைகள், மடக்கு நாற்காலிகள், அடுப்பு, குக்கர், சின்னவள் படிக்கிற மேசைகூட ஏறிவிட்டது. ஏற்றியிருந்த நேர்த்திக்கு ஒரு விரல் நுழைய இடமில்லை. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

மைதானத்தில் போய் இறங்கும்போது வானம் கறுத்துவிட்டது. முன்னாலேயே வந்தவர்கள் கூடாரம் போட்டு உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் விழுந்தது.

"கூடாரத்த எடுங்க," என்றாள் அக்கா.

அத்தான் வேன் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கங்க இருக்கு?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"எல்லாத்துக்கும் உள்ள."

கனமான சாமான் முதலில் ஏற வேண்டும், அடியில் போக வேண்டும். அதுதான் அவர் தொழிலின் அரிச்சுவடி. கூடாரமோ தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய பழைய கேன்வாஸ்; தூக்க இரண்டு ஆள் வேண்டும். வேனில் இருந்ததிலேயே கனம் அதுதான். ஆகவே இம்மி பிசகாமல் முதல் ஆளாக ஏறி, அடியில் சுகமாகப் படுத்திருந்தது.

வீட்டையே புல்தரையில் இறக்கினோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர், "குடியே வந்துட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தானை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். மெத்தைகளைக் காலி வேனிலேயே திரும்பப் போட்டுவிடலாம் என்று அந்த அவசரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவற்றின்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு வரிந்து கட்டிவிட்டு, கூடாரத்தை நிமிர்த்த எல்லாருமாகப் போராடினோம். சாமான் கட்டத் தெரிந்தவருக்குக் கூடாரம் கட்டத் தெரியவில்லை. நடுக்கம்பத்தை அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வலுத்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, உன்னத்தான்," என்றாள் பெரியவள்.

"நான் போகல. நான் விட்டா இது விழுந்துரும். மெத்தையெல்லாம் எங்க கொண்டு வைக்கிறது?"

அவள் முகத்தில் ஏமாற்றம் பாதி, தப்பித்தோம் என்கிற நிம்மதி பாதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை முட்டியது. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு மெத்தைகளிடம் போய், தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார். தார்ப்பாயை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

"கம்பத்த விடு," என்றார்.

"என்னங்க சொல்றீங்க? விழுந்துரும்."

"விழட்டும்."

"மெத்த நனையுதுங்க."

"நம்ம மெத்ததானே. நனையட்டும். நீ நனையாம வா."

கூடாரம் எங்கள் முதுகுக்குப் பின்னால் சரிந்தது. தார்ப்பாயின் நாலு மூலையை நாங்கள் நாலு பேரும் தூக்கிப் பிடிக்க, நடுவில் அக்கா நடந்தாள். பாதி வழியில் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நடையை எட்டிப் போட்டாள்.

மேடைக்கு முன்னால் கொஞ்சம் பேர் குடையோடு நின்றார்கள். முதல் வரியில் அவள் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் ஓர் இடத்தில் மூச்சுப் பிடிக்க முடியாமல் திணறினாள். நிறுத்திவிடுவாளோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான் சொட்டச் சொட்ட நனைந்து, மடித்த தார்ப்பாயைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்துப் பாடினாள். கடைசி வரி வரைக்கும் பாடினாள்.

அன்றைக்கு எல்லாரும் காலி வேனில் கால் நீட்டித் தூங்கினோம். மறுநாள் சுள்ளென்று வெயில். அத்தான் மைதானத்தின் குறுக்கே கயிறு கட்டி வீட்டையே காயப்போட்டார். அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்களும் அவரவர் ஈரத் துணியைக் கொண்டுவந்து அதில் போட்டார்கள். கயிறு தொய்யவே இல்லை.

இப்போது யாராவது யோசனை கேட்டால் அத்தான் நீட்டி முழக்குவதில்லை. "கூடாரத்தக் கடைசியா ஏத்துங்க, போனதும் அதத்தான் முதல்ல எறக்கணும். கட்டி வெச்சதுல பாதிய வீட்லயே விட்டுட்டுப் போங்க. பாட்டு ஆரம்பிச்சுட்டா மீதிய அப்படியே போட்டுட்டு ஓடுங்க. நனைஞ்சது காஞ்சிரும்." தலையணை உறைப் பெருமையை விட்டுவிட்டார். எங்கள் வீட்டு மெத்தை நனைந்த கதையைத்தான் இப்போது பிடித்துவைத்துச் சொல்கிறார்.

இந்த வருஷ விழாவுக்கு அக்காவின் பெயரை மறுபடியும் கொடுத்துவிடலாம் என்று பெரியவள் ரகசியமாகப் போய் விழாக்காரர்களிடம் கேட்டிருக்கிறாள். அக்காவே வந்து கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்களாம்.